பேண்டு செட்டுக்கு மார்கழியில் ஒரு நாள்: சபா செயலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னை சபாக்களின் செயலாளர்களுக்கு,

வணக்கம். நான் ஒரு டிரம்பெட்காரரின் மகன். அப்பா முப்பது வருஷத்துக்கு மேல் பேண்டு செட்டில் ஊதினார். கல்யாணம், கோயில் திருவிழா, மாதா தேர், சாவு, எதுவானாலும் அதே சிவப்புக் கோட்டு, அதே ஜரிகை வைத்த தோள்பட்டை. நானும் அதே செட்டில்தான் சைடு டிரம் அடிக்கிறேன். போன வருஷம் உங்களில் ஒருவரிடம் மார்கழியில் ஒரு கச்சேரி கேட்டிருந்தேன். பெயர் வேண்டாம். "சத்தம் தாங்காதுப்பா, நம்ம ஆடியன்ஸுக்குச் சரிவராது" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். ஆனாலும் எனக்கு ஆறவில்லை.

நியூயார்க்கின் புரூக்ளினில் ரெட் பராத் என்று ஒரு குழு இருக்கிறது. சன்னி ஜெயின் என்ற டோல் (பஞ்சாபி மேளம்) கலைஞர் 2008இல் தொடங்கியது. பராத் என்றால் வடக்கே மாப்பிள்ளை ஊர்வலம். வெள்ளைக்காரன் ராணுவ பேண்டைப் பார்த்து நம் ஊரில் முளைத்த கல்யாண பேண்டு, இப்போது அமெரிக்காவில் டிக்கெட் போட்டுக் கேட்கப்படுகிறது. டோல், பஞ்சாபி ஆட்டமான பாங்ராவின் நடையில் சுழன்று போகும். மேலே டிரம்பெட், டிராம்போன், சாக்ஸபோன். அடியில் சூசாபோன். மலைப்பாம்பு மாதிரி ஆளைச் சுற்றிக்கொண்டு, தலைக்கு மேல் வாயைப் பிளந்து நிற்குமே, அந்தக் குழல்தான். பேஸ் கிடார் செய்கிற வேலையை அது செய்கிறது. அந்தப் பழக்கம் நியூ ஆர்லியன்ஸ் தெரு ஊர்வலங்களிலிருந்து வந்தது. அங்கேயும் பேண்டு சாவுக்குப் போகும், கொண்டாட்டத்துக்கும் போகும். இதை நான் அப்பாவிடம் சொன்னபோது, "அப்போ நம்ம ஆளுங்கதான்" என்றார்.

சத்தம் என்றீர்களே. இதே குழு வாஷிங்டனில் ஒரு வானொலி அலுவலகத்துக்குள், மேசைக்கும் புத்தக அலமாரிக்கும் நடுவில் நெருக்கியடித்து நின்று வாசித்த வீடியோ யூடியூபில் கிடக்கிறது. கூரை ஒன்றும் பறக்கவில்லை. அதை விடுங்கள், உங்களில் பலர் சீசனைத் திறப்பதே நாகஸ்வரமும் தவிலும் வைத்துத்தானே?

லண்டனில் 1992இலிருந்து பாலிவுட் பிராஸ் பேண்ட் இருக்கிறது. இந்தி சினிமாப் பாட்டில் தொடங்கியவர்கள், வயலின் கலைஞர் ஜோத்ஸ்னா ஸ்ரீகாந்தைச் சேர்த்துக்கொண்டு கர்நாடக இசைக்கும் வந்துவிட்டார்கள்.

இதெல்லாம் வெளிநாட்டுச் சங்கதி என்று தள்ளவும் முடியாது. முத்துசுவாமி தீட்சிதர் சென்னைக் கோட்டையில் வெள்ளைக்காரன் வைத்திருந்த பேண்டுகளின் மெட்டைக் கேட்டுத்தான் நொட்டுஸ்வர சாகித்தியங்களை, அதாவது அந்த மெட்டுகளுக்கு சமஸ்கிருத வரி வைத்த சின்னப் பாட்டுகளை, எழுதினார். 'ஸந்ததம் பாஹிமாம்' பிரிட்டிஷ் ராஜாவை வாழ்த்துகிற மெட்டு. நம் கச்சேரியில் இன்றைக்கு இல்லாமல் முடியாத வயலினை அவர் தம்பி பாலுசுவாமி சென்னையில் ஒரு ஐரோப்பியரிடம் கற்றுக்கொண்டார். சாக்ஸபோனில் கர்நாடக இசை வாசித்த கத்ரி கோபால்நாத் சிறுவயதில் மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸபோனைக் கேட்டு மயங்கியவர். கிளாரினெட்டும் சீமை வாத்தியம்தான். அதற்கு ஏ.கே.சி. நடராஜன் 2022இல் பத்மஸ்ரீ வாங்கினார். மெட்டு உள்ளே வந்தாயிற்று, வாத்தியமும் வந்தாயிற்று. அதை ஊதிய பேண்டுக்காரன் மட்டும் இன்னும் வாசலில்தான் நிற்கிறான். அவன் யார், எந்தத் தெருக்காரன் என்பதும் இதில் இருக்கிறது. அது உங்களுக்கும் தெரியும்.

நியாயமான ஆட்சேபம் ஒன்று உண்டு. டிரம்பெட்டில் அமுக்குவதற்கு மூன்றே மூன்று பிஸ்டன், ஸ்வரத்தை அசைத்து வளைக்கிற கமகம் எப்படி வரும்? எங்கள் ஊர் முருகன் கோயில் திருவிழாவில் சாமி புறப்படும்போது அப்பா பாட்டுக்கு முன்னால் ஒரு நிமிஷம் சண்முகப்பிரியா ராகம் இழுப்பார். பிஸ்டனைப் பாதி அமுக்கி, மீதியை உதட்டால் வளைப்பார். கழுத்து நரம்பு புடைக்கும். வாசித்து முடித்ததும் உதட்டில் ஊதுவாய் பதிந்த வட்டம் சிவந்து கிடக்கும். தோளில் பல்லக்கு வைத்திருப்பவர்கள் அது முடிகிற வரை நகர மாட்டார்கள். நாகஸ்வரத்தின் சுத்தம் அதில் இல்லை. எனக்கே தெரியும். ஆனால் அது சண்முகப்பிரியாதான்.

ஃபியூஷன் என்ற பெயரில் நடக்கிற பலதும் எனக்கும் பிடிக்காது. ஆளுக்கு ஆள் சத்தத்தை ஏற்றிக்கொண்டு போய்க் கடைசியில் கைதட்டல் வாங்குகிற வேலை. ரெட் பராத்திலும் சில உருப்படிகள் வெறும் குதியாட்டம்தான். நாங்கள் கேட்பது வேறு. முதலில் இரண்டு நொட்டுஸ்வரம், பேண்டு மெட்டாகவே. அப்புறம் ஒரு தவில்காரரைச் சேர்த்துக்கொண்டு, தவிலும் சைடு டிரம்மும் மட்டும் ஏழு எண்ணிக்கை கொண்ட மிஸ்ர சாபு தாளத்தில் ஒரு தனி ஆவர்த்தனம். கடைசியில் அப்பாவின் சண்முகப்பிரியா. மொத்தம் ஒன்றே கால் மணி நேரம்.

சாயங்கால நேரம் வேண்டாம். கேண்டீனில் பொங்கல் தீராத காலை நேரம் போதும். பன்னிரண்டு பேர் வருவோம், நின்றே வாசிப்போம், மைக் தேவையில்லை. மேடைக்கு ஏறும் பக்கவாட்டுக் கதவு எத்தனை அடி அகலம் என்று மட்டும் சொல்லுங்கள். பேஸ் டிரம் நுழைய வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு சைடு டிரம்காரன்