“நேத்தே எழுதிட்டீங்களாண்ணே?”

தம்பிக்கு,

குத்துச்சண்டைக்கு நடுவராக உட்கார்ந்து ஸ்கோர் சீட்டு எழுதுகிற வேலையைப் போன வாரம் விட்டுவிட்டேன். சொல்ல வேண்டியவர்களிடம் சொல்லியாயிற்று. கண் மங்குது, வயசாச்சு என்றேன். கண் நன்றாகத்தான் இருக்கிறது. நிஜமான காரணம் உனக்குச் சேர வேண்டியது. என் நம்பரை நீ பிளாக் பண்ணி வைத்திருப்பதால் ஊரே படிக்கிற இடத்தில் எழுத வேண்டியிருக்கிறது. நம்ம பசங்க படிப்பார்கள், பாண்டிக்காரர்களும் படிப்பார்கள். அதனால் சில பேர்களை எழுத மாட்டேன். அன்றைக்கு என்னை அந்த நாற்காலியில் உட்காரச் சொன்னவர் பேரையும் எழுத மாட்டேன். அவர் இப்போது படுத்த படுக்கையாக இருக்கிறார்.

நாளைக்கு செப்டம்பர் 17. 2017-ல் அது ஞாயிற்றுக்கிழமை. கடலூர் முதுநகர் கடையில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, சைக்கிள் டியூப் டப்பா மேல் போனைச் சாய்த்துவைத்து, நீயும் நானும் மட்டும் உட்கார்ந்திருந்தோம். துறைமுகத்துப் பக்கமிருந்து மீன் ஏலம் கூவுகிற சத்தம். கோலோவ்கினும் கனேலோ அல்வாரெஸும் மோதுகிற சண்டையைப் பார்க்கத்தான். அது நடந்த லாஸ் வேகாஸில் அப்போது இன்னும் சனிக்கிழமை ராத்திரி.

“எட்டாவது ரவுண்டுல கோலோவ்கின் சாய்ச்சுடுவான்ணே. எழுதி வச்சுக்குங்க.”

உன் கணக்கு சும்மா வந்ததில்லை. 37 சண்டையில் 37-ம் வெற்றி, 33 நாக்அவுட், அதிலே 23 விட்டுவிடாமல் வரிசையாக. முன் கையால் நேராகக் குத்துகிற ஜாப் போட்டுப் போட்டே ஆளைக் கயிற்றுக்குத் தள்ளிக்கொண்டு போவான், கயிற்றில் வைத்து முடிப்பான். கஜகஸ்தானில் ஒரு சுரங்கத் தொழிலாளியின் மகன். அவன் அப்பா சுரங்கம், உன் அப்பா கடல் என்று நீ சொன்னதை நான் மறக்கவில்லை.

நான் வேறு கணக்குப் போட்டேன். அந்த வருஷம் மார்ச்சில் டேனியல் ஜேக்கப்ஸ் கோலோவ்கினுக்கு எதிராக 12 ரவுண்டும் நின்றான். அந்த 23 அங்கேயே நின்றுபோயிற்று. கோலோவ்கினுக்கு 35 வயசு, கனேலோ அல்வாரெஸுக்கு 27. அல்வாரெஸ் அதுவரை ஒரு சண்டையிலும் தரையில் விழுந்தவன் இல்லை. கயிற்றில் சாய்ந்துகொண்டே இடுப்புக்கு மேலே மட்டும் அசைத்து அசைத்துத் தப்பிப்பான், எதிராளி கையை இழுக்கிற நேரத்தில் உடம்பில் ஹூக், அதாவது கையை வளைத்துப் பக்கவாட்டில் குத்து, போடுவான். 2013-ல் மேவெதரிடம் வாங்கிய, அதுவரைக்குமான ஒரே தோல்வியில் பொறுமையைக் கற்றுக்கொண்டவன். “12 ரவுண்டும் போகும்டா. போச்சுன்னா பாயிண்ட்ஸ்ல அல்வாரெஸுக்குத்தான் எழுதுவாங்க. கூட்டம் இழுக்கிறவன் அவன்தான்.”

இப்போது யோசித்தால் அந்தக் கடைசி வரியில்தான் என் கோளாறு ஆரம்பிக்கிறது. சண்டையைச் சொல்லிக்கொண்டே வந்தவன் அந்த இடத்தில் சண்டையை விட்டுவிட்டு நடுவர்களைச் சொன்னேன்.

நடந்தது உனக்குத் தெரியும். மற்றவர்களுக்காக இரண்டு வரி. ரவுண்டை ஜெயித்தவனுக்கு 10, தோற்றவனுக்கு 9. ரிங்கைச் சுற்றி மூன்று பக்கம் மூன்று பேர் உட்கார்ந்து தனித்தனியே எழுதுவார்கள். டேவ் மொரெட்டி 115-113 என்று கோலோவ்கினுக்கு எழுதினார். டான் ட்ரெல்லா 114-114. அடலெய்ட் பேர்ட் 118-110 என்று அல்வாரெஸுக்கு. அதாவது 12 ரவுண்டில் 10 ரவுண்டு அல்வாரெஸ் ஜெயித்தானாம். சண்டை டிரா. பட்ட குத்துகளை எண்ணின காம்ப்யூபாக்ஸ் கணக்கில் கோலோவ்கின் 218, அல்வாரெஸ் 169. அந்த 118-ஐக் கேட்டதும் நீ எழுந்து ஷட்டரை ஓங்கி மேலே தள்ளினாய். வெயில் உள்ளே வந்து போன் திரையில் ஒன்றும் தெரியாமல் போயிற்று.

நான் என்ன செய்தேன் தெரியுமா? சந்தோஷப்பட்டேன். 12 ரவுண்டு போகும் என்றேன், போயிற்று. கோலோவ்கினுக்குத் தர மாட்டார்கள் என்றேன், தரவில்லை. சாயந்திரம் டீக்கடையில் நான்கு பேரிடம் சொல்லிக்கொண்டேன். “அண்ணன் சொன்னா சொன்னதுதான்” என்று ஒருத்தன் சொன்னான். அந்த வார்த்தை நாலு மாசம் என் காதிலேயே இருந்தது.

2018 பொங்கல் முடிந்த ஞாயிறு வரைக்கும்.

கடலூர் சாம்பியன் நீ, பாண்டி சாம்பியன் அவன். இரண்டு பேரும் 75 கிலோ. அவன் பேரையும் எழுத மாட்டேன். அவன் நல்ல பையன், இதில் அவன்மேல் ஒரு தப்பும் இல்லை. முந்தின நாள் சாயந்திரம் அதே டீக்கடையில் கேட்டார்கள், நாளைக்கு யாருண்ணே என்று. சொன்னேன். “பாண்டிக்காரன்தான். பாயிண்ட்ஸ்ல. நம்ம ஆளு எடை குறைக்கிறதுலயே பாதி செத்துட்டான்.” அது உன் காதுக்கு ராத்திரியே வந்துவிட்டது என்பது எனக்கு மறுநாள்தான் தெரிந்தது.

சொன்னதில் பொய் இல்லை, அதை மட்டும் ஒத்துக்கொள். 79-லிருந்து 75-க்கு நீ பத்தே நாளில் இறங்கினாய். தேவனாம்பட்டினம் மணலில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஓடினாய், தண்ணீரைத் துப்பினாய். நான் பேட் பிடித்து உனக்குப் பயிற்சி கொடுத்த காலத்தில் உன்னை அப்படி இறங்க விட்டிருக்க மாட்டேன். ஆனால் நீ அப்போது என்னிடம் இல்லை. இரண்டு வருஷம் முன்பே வேறு மாஸ்டரிடம் போய்விட்டாய். போகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. கைக்குச் சுற்றுகிற துணியைக்கூட உனக்கு நான்தான் தைத்துக் கொடுத்தேன். இதையெல்லாம் சொல்ல வேண்டாம் என்றுதான் உட்கார்ந்தேன், வருகிறது.

மூன்றாவது நடுவர் வரவில்லை. “நீங்க உட்காருங்க, உங்களுக்கும் அவனுக்கும்தான் இப்ப ஒண்ணுமில்லையே” என்றார்கள். எழுந்து போயிருக்கலாம். போகவில்லை. என் ஊர்ப் பையன் என்று பார்க்காமல் எழுதுகிறேன் பார் என்று பாண்டிக்காரர்களுக்குக் காட்ட ஓர் ஆசை. அந்த ஆசையே ஒரு பக்கச் சார்புதான் என்று அந்த வயசில் எனக்கு உறைக்கவில்லை.

முதல் ரவுண்டு அவனுக்கு எழுதினேன். அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் இல்லை. உன் கால் நகரவே இல்லை. மூன்றாவது ரவுண்டு உனக்கு எழுதினேன், கண்ணை மூடிக்கொண்டு எழுதலாம், அப்படி ஆடினாய். நடுவில் இருக்கிற இரண்டாவது ரவுண்டைத்தான் நான் இத்தனை வருஷமாகத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

நீ என் பக்கத்துக் கயிற்றுக்கு வந்தாய். உன் முதுகு எனக்கு, அவன் முகம் எனக்கு. இடது கையைக் கீழேயிருந்து எடுத்து அவன் விலாவில் போட்டாய். சத்தம் கேட்டது. தொப் என்று, ஈரத் துணியைக் கல்லில் அறைகிற மாதிரி. திரும்பவும் ஒன்று. ரெஃப்ரீ குறுக்கே வந்தார். நான் பார்த்துக்கொண்டிருந்தது அவனுடைய வலது கையை. அது எப்போது வரும், எப்போது வரும் என்று. வந்தது. உன் கிளவுஸில் பட்டது. அதை நான் குத்து என்று எண்ணிக்கொண்டேன். 10-9, சிவப்பு. சிவப்பு மூலை அவன், நீல மூலை நீ.

மூன்று சீட்டில் ஒன்று உனக்கு, ஒன்று அவனுக்கு. என் சீட்டு 29-28, அவனுக்கு.

ரெஃப்ரீ அவன் கையைத் தூக்கினபோது நீ அவனைப் பார்க்கவில்லை. கயிற்றுக்குக் கீழே குனிந்து இறங்கி நேராக என் மேஜைக்கு வந்தாய். வாயில் மவுத்கார்டு இருந்தது. அதை எடுத்துவிட்டு, சத்தம் போடாமல், மரியாதையாகவே கேட்டாய்.

“நேத்தே எழுதிட்டீங்களாண்ணே?”

அடித்திருக்கலாம் நீ. பதில் சொல்லாமல் பேனாவுக்கு மூடி போட்டேன்.

உனக்குப் பதினாறு வயசில் அமெரிக்க சாம்பியன் மார்வின் ஹேக்லர் கதையை நான்தான் சொன்னேன். நீயும் இடது கைக்காரன் நிலையில் நிற்பவன், அவனும் அப்படித்தான், அதனால் சொன்னேன். 1987 ஏப்ரல் 6, சுகர் ரே லெனார்டுடன். லெனார்ட் அதற்கு முந்தின அஞ்சு வருஷத்தில் ஒரே ஒரு சண்டைதான் போட்டிருந்தான், கண்ணில் விழித்திரை ஆபரேஷன் ஆனவன். கணித்தவர்களில் பெரும்பாலானோர் ஹேக்லர் என்றுதான் சொன்னார்கள். ஹேக்லரோ இடது கைக்காரன் நிலையை விட்டுவிட்டு வலது கைக்காரனைப் போல நின்று ஆரம்ப ரவுண்டுகளைத் தூக்கிக் கொடுத்தான். லெனார்ட் ஒவ்வொரு ரவுண்டின் கடைசி அரை நிமிஷத்தில் படபடவென்று போட்டு ரவுண்டைத் திருடினான். ஒரு சீட்டு 115-113 ஹேக்லருக்கு, ஒன்று 115-113 லெனார்டுக்கு, இன்னொன்று 118-110 லெனார்டுக்கு.

அதே 118-110. முப்பது வருஷம் கழித்து அதே ஊரில் அதே எண். இன்னொன்றும் உண்டு, உன்னிடம் சொல்ல வேண்டும் என்று வைத்திருந்து சொல்லாமலே போனது. 1987-ல் லெனார்டுக்கு 115-113 எழுதினவர் டேவ் மொரெட்டி. 2017-ல் கோலோவ்கினுக்கு 115-113 எழுதினவரும் அதே மொரெட்டிதான். மறு வருஷம் செப்டம்பரில் இரண்டு பேரும் மறுபடி மோதினபோது அல்வாரெஸுக்கு 115-113 எழுதினதும் அவர்தான். அந்தச் சண்டையைக் கடையில் தனியாகப் பார்த்தேன். பின்னாலேயே போகிற அல்வாரெஸ் இந்தத் தடவை முன்னால் வந்தான், கோலோவ்கின் பின்னால் போனான். நாம் இரண்டு பேருமே அப்படி நடக்கும் என்று சொல்லியிருக்க மாட்டோம். திரும்பி உன்னிடம் சொல்ல வாயெடுத்தேன். ஸ்டூல் காலியாக இருந்தது.

ஹேக்லர் லெனார்டுக்கு அப்புறம் ரிங் ஏறவே இல்லை. இத்தாலிக்குப் போய்விட்டான். 2021 மார்ச்சில் செத்துப்போனான், உனக்குத் தெரிந்திருக்கும். நீயும் அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு அப்புறம் ஏறவில்லை. இதைச் சொல்லியே ஆக வேண்டும்: ஹேக்லர் கடைசியாக ரிங் ஏறினபோது அவனுக்கு 32 வயசு, 67 சண்டை. உனக்கு 22. நீ ஹேக்லர் இல்லை. கோலோவ்கின் டிராவுக்கு அப்புறமும் ஏறினான், தோல்விக்கு அப்புறமும் ஏறினான். ஒரு தப்புச் சீட்டுக்காக விட்டவன் நீ. அந்தப் பாரம் முழுக்க என் தலையில் இருக்கிறது என்று ஊர் சொல்கிறது, நீயும் சொல்ல விட்டாய். என் அம்மா இறந்தபோது தெரு முனை வரைக்கும் வந்து திரும்பிப் போனாய். பார்த்தவர்கள் சொன்னார்கள். உனக்குக் கஞ்சி ஊற்றின கை அது. நான் தப்பு எழுதினேன், அவங்க என்னடா பண்ணாங்க?

சரி. கோபம் வந்துவிட்டது. விடு.

போன மாசம் ஒரு வீடியோ கைக்கு வந்தது. யார் அனுப்பினார்கள் என்று நீயே யூகிப்பாய், அவர்களைத் திட்டாதே. 40 விநாடி. இரண்டாவது ரவுண்டின் கடைசி. எனக்கு எதிர்ப் பக்கத்திலிருந்து எடுத்தது. நீ இடது ஹூக் போடுகிறாய், ஒன்று, இரண்டு, சுத்தமாக. அவன் முழங்கை கீழே இறங்குகிறது, மூச்சு வாங்குகிறான். அவன் வலது கை உன் கிளவுஸில் பட்டு நிற்கிறது. கயிற்றுக்கு அந்தப் பக்கம் நான் தெரிகிறேன், நீலச் சட்டை. அப்புறம் மூன்றாவதாக ஒன்று போடுகிறாய், அதுதான் மூன்றிலும் நல்ல குத்து, அவன் கால் மடங்குகிறது. அப்போது நான் தலையைக் குனிந்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அதுக்கப்புறம்தான் மணி அடிக்கிறது.

இருபது தடவையாவது பார்த்திருப்பேன். முதலில் மணிச் சத்தம் வீடியோவில் தாமதமாக விழுந்திருக்கும் என்று சொல்லிப் பார்த்தேன். ரெஃப்ரீ கையை நீட்டுவதும் அதே நேரத்தில்தான். மூன்று நிமிஷ ரவுண்டு முடியாமல் நான் 10-9 எழுதியிருக்கிறேன். அந்தக் கேள்வி அநியாயமான கேள்வி என்று இத்தனை வருஷம் உன்மேல் மனசுக்குள் வழக்கு வைத்திருந்தேன்.

அன்றைக்கே கோலோவ்கின் அல்வாரெஸ் முதல் சண்டையையும் எடுத்து, சத்தத்தை அணைத்துவிட்டு, வெள்ளைத்தாளில் ஒவ்வொரு ரவுண்டாக எழுதினேன். மணி அடித்து ஆள் மூலைக்குப் போய் உட்கார்ந்த பிறகுதான் பேனாவை எடுத்தேன். எனக்கு வந்தது 115-113, கோலோவ்கினுக்கு. எட்டாவது ரவுண்டில் சாயவில்லை, அது உன் தப்பு. ஆனால் ஜெயித்தவன் யார் என்பதில் நீ சொன்னதுதான் சரி.

இதையும் எழுதிவிடுகிறேன், எல்லோரும் பார்க்கட்டும். 2018 ஜனவரி, 75 கிலோ. முதல் ரவுண்டு: சிவப்பு 10, நீலம் 9. இரண்டாவது: நீலம் 10, சிவப்பு 9. மூன்றாவது: நீலம் 10, சிவப்பு 9. மொத்தம் 29-28, நீலம். அந்தச் சீட்டை இனிமேல் எந்த மேஜையிலும் கொடுக்க முடியாது என்று தெரியும். பாண்டிப் பையனுக்குப் போன் பண்ணிச் சொல்லியாயிற்று. அவன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “எனக்கும் அந்த மூணாவது ஹூக் ஞாபகம் இருக்குண்ணே” என்றான்.

ஓசூரிலிருந்து நீ தீபாவளிக்கு வருவாய் என்று கேள்விப்பட்டேன். கடைக்கு வா என்று கூப்பிடவில்லை. ஒரு காரியம் மட்டும் செய். நான் காசு வாங்கிக்கொண்டு எழுதினேன் என்று நீ ஒருத்தனிடம் சொன்னாய், யாரென்று இங்கே எழுத மாட்டேன். அவன் அதை இன்னும் சொல்லிக்கொண்டு திரிகிறான். நான் குருடனாக இருந்தேன், அவசரப்பட்டேன், என் வாய்ச்சொல்லை ஜெயிக்க வைக்கப் பார்த்தேன். காசு வாங்கவில்லை. அவனிடம் நீயே சொல்லிவிடு.

அண்ணன்