பழைய துவக்கு வாங்குவோர் கவனத்துக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

நுவரெலியா, வெலிமடைப் பக்கம் உருளைக்கிழங்குப் பாத்திகளைப் பன்றி கிளறுவதால், குறைந்த விலையில் பயிர்ப் பாதுகாப்புத் துவக்குத் தேடுவோர் உண்டு. பழைய ஒற்றைக்குழல் 12 போர் (குழல் விட்டத்தின் அளவு) துவக்கு தாராளமாகப் போதும். மினுக்கிய பிடிக்கட்டையைப் பார்த்து மயங்காதீர்கள். குழலை மடித்து, தோட்டா இல்லை என்று உறுதிசெய்து, வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். உள்ளே நிழல் வளையம் தெரிந்தால் குழல் வீங்கியிருக்கிறது. மூடிய பிறகும் கீல் ஆடினால் வேண்டவே வேண்டாம், திருத்துக்கூலி துவக்கின் விலையைத் தின்றுவிடும்.

குழலில் தோட்டா அமரும் அறையின் நீளத்தைத்தான் பலர் கேட்பதில்லை. பழையவற்றில் அது 65 மில்லிமீற்றராக இருக்கலாம். சுடும்முன் வாய் மடிந்திருப்பதால் 70 மில்லிமீற்றர் தோட்டாவும் அதற்குள் போகும். சுடும்போது தோட்டாவின் வாய் விரிய இடமின்றி அழுத்தம் ஏறிவிடும். அனுமதிப்பத்திரம் கிடைக்கும்வரை முற்பணம் கொடுக்காதீர்கள்.

இப்படிக்கு,
மரக்கறிச் செய்கையாளர் சிலர்,
கந்தப்பளை.