கவிழ்த்து வைத்த டம்ளரும் என் தம்பியும்

மாற்றுத்திறனாளிகள் நலத்துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். என் தம்பிக்கு 34 வயது. அடையாள அட்டையில் அறிவுசார் குறைபாடு, 75 சதவீதம் என்றிருக்கிறது. அவன் தண்ணீர் குடிப்பதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்து வைப்போம். நீங்களோ நானோ எடுத்தால், கட்டைவிரல் கீழே வரும்படி மணிக்கட்டைத் திருப்பிக்கொண்டுதான் பிடிப்போம். நிமிர்த்தியதும் கை வாகாக வந்துவிடும். டம்ளரைத் தொடுவதற்கு முன்பே மூளை கணக்குப் போட்டுவிடுகிறது. தம்பி நேராகப் பிடிக்கிறான். நிமிர்த்தினால் கை முறுக்கிக்கொள்கிறது, முழங்கை தோள் வரை ஏறுகிறது, ஊற்றிய தண்ணீரில் பாதி சட்டையில். பலத்துக்குக் குறைவில்லை, நிறைகுடத்தை ஒற்றைக் கையால் தூக்குவான்.

அசைவுத் திட்டமிடல் என்கிறார்கள் இதை. குழந்தைகளுக்கு இது சில ஆண்டுகளில் மெல்ல மெல்லக் கைவந்துவிடும். அறிவுசார் குறைபாடு உள்ள பலருக்கு வளர்ந்த பின்பும் தடுமாற்றம்தான்.

அவன் போய்வந்த பகல்நேர இல்லத்தின் குறிப்பேட்டில் எழுதியிருந்தது: "பிடிவாதம். சொன்னதைச் செய்வதில்லை." சட்டையைப் போடு என்பது நமக்கு ஒரு வேலை. அவனுக்குப் பத்துப் பன்னிரண்டு. எதை முதலில் செய்வது என்று பிடிபடாமல் சட்டையும் கையுமாக நிற்பான். அதட்டினால் நிற்பது நீளும், அவ்வளவுதான்.

அன்றாட வேலைகளைத் தாமே செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஒருவர் மூன்று மாதம் வந்தார். பொத்தான்களைத் தாமே போட்டுவிட்டு, கடைசி ஒன்றை மட்டும் தம்பிக்கு விட்டார். அது பழகியதும் கடைசி இரண்டு. அப்படியே பின்னாலிருந்து முன்னால் வந்து, இன்று முழுச் சட்டையும் அவனே போடுகிறான். கால் மணி நேரம் ஆகும். ஆகட்டுமே.

அதன்பின் இந்தப் பயிற்சி கேட்டு நான் ஏறிய படிகளிலெல்லாம் ஒரே பதில்: "18 வயது வரைதான்." 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 27ஆம் பிரிவு, மறுவாழ்வுச் சேவைகள் மாற்றுத்திறனாளிகள் அனைவருக்கும் என்கிறது. பதினெட்டு எங்கிருந்து வந்தது?

வயது வந்தோருக்கு வாரம் ஒரு நாளாவது இந்தப் பயிற்சி வேண்டும். இல்லங்களில் வேலை செய்வோருக்கும் இதைச் சொல்லிக்கொடுங்கள். பிடிவாதம் என்று எழுதுவதற்குப் பதில், எந்த இடத்தில் நின்றுபோனான் என்று எழுதினால் அதிலிருந்து பயிற்சியைத் தொடங்கலாம்.

எந்த மையம், எந்தக் கிழமை என்று தெரிவியுங்கள். பத்து மணிக்கு என்றால் எட்டரைக்கே அவன் கையில் சட்டையைக் கொடுத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஓர் அக்கா