குதிரை சக்தியா, குதிரைத்திறனா?

ஆசிரியருக்கு,

மோட்டார், வாகனச் செய்திகளில் 'ஹார்ஸ் பவர்' என்பதைத் தங்கள் நாளிதழ் ஒரு நாள் 'குதிரை சக்தி' என்றும் மறுநாள் 'குதிரைத்திறன்' என்றும் எழுதுகிறது. இரண்டாவதுதான் சரி. சக்தி என்றால் ஆற்றல், அதாவது செய்து முடித்த வேலையின் அளவு. அந்த வேலை எவ்வளவு விரைவாக நடக்கிறது என்பதே திறன். நேரக் கணக்கு சொல்லுக்குள்ளேயே இருப்பதால் 'மணிக்கு 5 ஹெச்.பி.' என்பதும் பிழை. '10 ஹெச்.பி. பவர் மோட்டார்' என்பதோ நடு சென்டர் கதை.

தன் நீராவி எந்திரம் எத்தனை குதிரைகளுக்கு ஈடு என்று வாங்குவோருக்குப் புரியவைக்க ஜேம்ஸ் வாட் வகுத்த அளவு இது. 33,000 பவுண்டு எடையை ஒரு நிமிடத்தில் ஓர் அடி உயர்த்தினால் 1 ஹெச்.பி.; இன்றைய கணக்கில் 746 வாட். நாள் முழுக்கச் சீராக உழைப்பதை மனத்தில் வைத்துப் போட்ட கணக்கு. முழு மூச்சில் இழுக்கும் குதிரை சில விநாடிகளுக்கு இதைப்போல் பல மடங்கு காட்டும்.

அதிகம் ஏமாற்றுவது மோட்டாரின் நேம் பிளேட். அதில் '3.7 கி.வாட் / 5 ஹெச்.பி.' என்று இருப்பது ஷாஃப்டில், அதாவது சுழலும் தண்டில், வெளியே வரும் திறன். லைனிலிருந்து மோட்டார் இழுப்பது அல்ல. காயில் சூடாவதிலும் பேரிங் உராய்விலும் விசிறியிலும் வீணாவதையும் சேர்த்துத்தான் மீட்டர் ஓடும். 85 சதவீதச் செயல்திறன் உள்ள மோட்டார் முழு லோடில் ஒரு மணி நேரம் ஓடினால் 4.4 யூனிட் ஆகும். 3.7 என்று கணக்குப் போட்டவர், பில் வந்ததும் மீட்டரைச் சந்தேகிப்பார். மின்னோட்டம் அளவு மீறினால் மோட்டாரை நிறுத்தும் ஓவர்லோடு ரிலேவையும் ஹெச்.பி.யைப் பார்த்துக் குத்துமதிப்பாக வைக்கக் கூடாது. அதே தகட்டில் ஆம்பியர் இருக்கிறது. அதைவிட ஏற்றி வைத்தால் ரிலே விழுவதற்குள் காயில் கருகிவிடும்.

வாகனச் செய்திகளில் வேறொரு குழப்பம். 'பி.எஸ்.' என்பது மெட்ரிக் குதிரைத்திறன், 735.5 வாட். 150 பி.எஸ். என்றால் சுமார் 148 ஹெச்.பி.; இரண்டையும் ஒன்றாக எழுதி இரு கார்களை ஒப்பிட்டால் இல்லாத வித்தியாசம் முளைக்கும். 'பி.ஹெச்.பி.' எஞ்சினில் அளந்தது, கியரையும் அச்சையும் தாண்டிச் சக்கரத்துக்கு வரும்போது குறையும். எந்தச் சுழல் வேகத்தில் அந்த உச்சம் கிடைக்கிறது என்பதையும் சேர்த்து அச்சிடுங்கள், 6,000 ஆர்.பி.எம்.மில் கிடைப்பது நெரிசலில் ஊர்ந்து போகிறவருக்கு உதவாது.

இப்படிக்கு,
மோட்டார் காயில் கட்டும் வாசகர் ஒருவர்