தட்டில் மீதம் இருந்தால் என்ன?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கைப்பேசியில் பாட்டு ஓடினால்தான் குழந்தை வாயைத் திறக்கிறது என்று குறைபட்டுக்கொள்ளும் நாம், அந்தப் பழக்கத்தை ஏற்படுத்தியவர்கள் யார் என்று கேட்பதில்லை. திரையில் லயித்திருக்கும் குழந்தைக்குப் பருப்புச் சாதத்தை உருட்டி உருட்டித் திணித்தால் கிண்ணம் காலியாகும் என்பது உண்மைதான். ஆனால், வயிறு நிறைந்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் இயல்பு மெல்ல மழுங்கிவிடும்.

முதல் ஆண்டில் பிறப்பு எடையைப்போல் ஏறக்குறைய 3 மடங்காகும் குழந்தை, இரண்டாம் ஆண்டில் 2 முதல் 2.5 கிலோ வரை மட்டுமே கூடுகிறது. வளர்ச்சி வேகம் தணியும்போது பசியும் தணிவது இயற்கை என்பதை அறியாத வீடுகளில்தான் பூச்சாண்டி மிரட்டலும், 'கீரையைச் சாப்பிட்டால் சாக்லேட்' என்ற பேரமும் தொடங்குகின்றன. இந்தப் பேரத்தால் கீரை தண்டனையாகவும் சாக்லேட் பரிசாகவும் குழந்தையின் மனத்தில் பதிகின்றன. புதிய காய் ஒன்று பிடித்துப்போக 8 முதல் 10 முறைகூடச் சுவைக்க வேண்டியிருக்கலாம். நாமோ மூன்றாம் முறையே 'இவனுக்குப் பிடிக்காது' என்று முத்திரை குத்திவிடுகிறோம். (அப்பா பாகற்காயைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்குவதையும் அவன் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறான்.)

குழந்தையின் பசிக் குறிப்பையும் நிறைவுக் குறிப்பையும் கவனித்து ஊட்டும் முறையை உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட வழிகாட்டியும் பரிந்துரைக்கிறது. அங்கன்வாடிகளில் எடை பார்த்துச் சத்துமாவு வழங்கும்போதே இதைத் தாய்மார்களுக்கும், குறிப்பாக ஊட்டும் பொறுப்பைச் சுமக்கும் பாட்டிமார்களுக்கும் விளக்கிச் சொல்ல அரசு ஏற்பாடு செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மதுரை