லண்டன் எவ்வளவு தூரம்?

சுங்கை சிப்புட்,
பேராக்.

அன்பு நண்பா,

நலம், நலமறிய ஆவல். உன் மகள் செப்டம்பரில் லண்டனுக்குப் படிக்கப் போகிறாள் என்ற செய்தியால் மனம் நிறைந்துவிட்டது. கோலாலம்பூரிலிருந்து தூரம் 10,600 கிலோமீட்டர், விமான வேகம் மணிக்கு 900 கிலோமீட்டர். கணக்குப்படி 12 மணி நேரம்கூட ஆகாதே, டிக்கெட்டில் ஏன் 14 வருகிறது என்று கேட்டிருந்தாய்.

பள்ளிக்கூடத்துப் பூகோள உருண்டை கிடைத்தால் கோலாலம்பூரில் ஒரு நூலை விரலால் அழுத்தி, லண்டன் வரை விறைப்பாக இழுத்துப் பார். சுவரில் மாட்டும் வரைபடத்தில் இரண்டு ஊருக்கும் நேர்கோடு போட்டால் அது தென்னிந்தியாவுக்கு மேலே ஓடும். உருண்டையில் நூல் வங்காள விரிகுடா, டெல்லிப் பக்கம், காஸ்பியன் கடலின் வடமுனை, உக்ரைன் என்று வளைந்து போகும். அந்த 10,600 இந்த நூலின் நீளம்தான். 2022 பிப்ரவரியிலிருந்து உக்ரைன் வானம் பயணிகள் விமானங்களுக்கு மூடிக் கிடக்கிறது. தெற்கே சுற்றித்தான் போகவேண்டும். 500 கிலோமீட்டர் சுற்றினாலே அரை மணி நேரத்துக்கு மேல் கூடிவிடும். அதோடு, பத்துக் கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து வீசும் காற்று போகும்போது எதிர்த்து நிற்கும், திரும்பும்போது பின்னாலிருந்து தள்ளும். அதனால் வரும் பயணம் பெரும்பாலும் ஒரு மணி நேரம்வரை குறையும். தரையில் உருண்டு ஓடுபாதைக்குப் போகும் நேரமும் டிக்கெட் கணக்கில் சேர்ந்ததே.

டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். செப்டம்பரில் லண்டன் நமக்கு 7 மணி நேரம் பின்னால். இரவு 11:30க்குப் புறப்பட்டு அங்கே காலை 6:20க்கு இறங்கினால் வித்தியாசம் 6 மணி 50 நிமிடம். அதோடு அந்த 7 மணி நேரத்தைக் கூட்டு, 13 மணி 50 நிமிடம். திரும்பும்போது கழிக்கவேண்டும். அக்டோபர் கடைசி ஞாயிறு அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள், வித்தியாசம் 8 ஆகிவிடும். டிசம்பர் விடுமுறைக்கு அவள் வரும்போது இதை மறக்காதே.

விலை குறைவு என்று வழியில் விமானம் மாறும் பயணத்தை இரண்டு தனி டிக்கெட்டாக வாங்கவே வாங்காதே. முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது கம்பெனிக்குப் பொறுப்பில்லை. பெட்டியையும் பெரும்பாலும் நடுவில் எடுத்து மறுபடி போடவேண்டிவரும். அதற்கு அந்த நாட்டு விசாகூடத் தேவைப்படலாம். ஒரே டிக்கெட்டாக எடு.

இன்னொன்று, இதில்தான் பலர் விமானத்தையே விட்டுவிடுகிறார்கள். 'ஞாயிறு 12:15 அதிகாலை' என்று போட்டிருந்தால் சனிக்கிழமை இரவே விமான நிலையத்தில் இருக்கவேண்டும். நம் ஊரிலிருந்து கோலாலம்பூரின் பெரிய ரயில் நிலையமான கே.எல். சென்ட்ரலுக்கு இ.டி.எஸ். மின்சார ரயிலில் ஏறக்குறைய மூன்று மணி நேரம், அங்கிருந்து விமான நிலைய ரயிலில் அரை மணி, பெட்டி போட மூன்று மணி நேரம் முன்னதாகப் போகவேண்டும். சனிக்கிழமை மாலை நான்கு மணிக்குள் ரயில் ஏறிவிடுங்கள்.

டிக்கெட் எடுக்கும்முன் விவரத்தை எனக்கு அனுப்பு, தேதியை ஒருமுறை சேர்ந்து பார்ப்போம். வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் நண்பன்