10, 16 எண்களுக்கு வட்டம் போட்டவருக்கும் மற்றவர்களுக்கும்

தென்கொரியாவில் சுன்ச்சொன் நகரத்துக்கு ஆங்கிலம் படிப்பிக்க வந்து இந்தப் பெப்ரவரியோடு ஒரு வருடம். பள்ளியில் எல்லோருக்கும் கொரிய மொழியில் ஒரு சின்ன நன்றிக் கடிதம் கொடுத்துவிட்டேன். அதில் அடங்காததைத் தமிழில் எழுதுகிறேன். ரொறன்ரோவில் இருந்துகொண்டு "பிள்ளை தனியாக என்ன பாடுபடுகுதோ" என்று கலங்கிய அம்மாவும் சித்திமாரும் இதை வாசிக்க வேண்டும். என்னைப் பார்த்துக்கொண்டவர்கள் யாரென்று அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

என்னோடு சேர்ந்து ஆங்கிலம் படிப்பிக்கும் ஆசிரியைக்கு: வெளிநாட்டவர் பதிவு அட்டை கைக்கு வந்து எனக்கென்று ஒரு தொலைபேசி எண் கிடைக்கும்வரை எனக்கு வந்த பார்சல்காரர் அழைப்பு, வீட்டுக்காரர் அழைப்பு எல்லாம் உங்கள் தொலைபேசிக்குத்தான் வந்தன. ஒருநாளும் நீங்கள் முகம் சுளிக்கவில்லை. முதல் இரவு, சுவரில் இருந்த பொத்தான்களில் எதை அழுத்துவது என்று தெரியாமல் குளிர்மேலங்கியோடு படுத்தேன். மறுநாள் நீங்கள் வந்து ஒவ்வொரு பொத்தானுக்கும் மேலே ஆங்கிலத்தில் எழுதிய காகிதத் துண்டு ஒட்டினீர்கள். அவை வீட்டைச் சூடாக்கும் ஒண்டோலுக்கான பொத்தான்கள். ஒண்டோல் என்றால் தரைக்குக் கீழே சுடுநீர் ஓடுவது. கொஞ்ச நேரத்தில் வெறுங்காலில் சூடு ஏறியது. அந்தக் காகிதங்கள் இன்னும் அங்கேதான் இருக்கின்றன.

கீழ்வீட்டு ஹல்மொனிக்கு (கொரிய மொழியில் பாட்டி): குப்பையைக் கடைப் பையில் கட்டி வைத்துவிட்டேன். இங்கே நகராட்சிப் பையை விலைக்கு வாங்கித்தான் குப்பை போட வேண்டும், சாப்பாட்டுக் கழிவு தனி. நீங்கள் என்னைத் திட்டவில்லை. உங்கள் குப்பையையே என் முன்னால் பிரித்துக் காட்டினீர்கள். முட்டைக்கோதைக் கையில் நொறுக்கி, தலையை ஆட்டி, "இது சாப்பாட்டுக் கழிவில் இல்லை" என்று காட்டினீர்கள். எலும்பும் வெங்காயத் தோலும் அப்படித்தான். நமக்குள் ஒரு வார்த்தை பொது இல்லை, ஆனாலும் அன்று படித்தது எனக்கு மறக்கவில்லை.

மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளே, இங்கே ஆங்கிலப் பாடம் தொடங்குவது உங்கள் வகுப்பில்தான். நீங்கள் என்னிடம் ஏ, பி, சி படித்தீர்கள். இடைவேளையில் நான் உங்களிடம் ஹங்குல் என்ற கொரிய எழுத்துப் படித்தேன். பேருந்துப் பலகையை நானாக வாசித்து இறங்கிய அன்று உங்களைத்தான் நினைத்தேன்.

கடைசியாக, சாப்பாட்டுக்குப் பொறுப்பான ஊட்டச்சத்து ஆசிரியைக்கு. இங்கே பள்ளியின் மாத உணவுப் பட்டியலில் ஒவ்வொரு கறிக்கும் பக்கத்தில் ஒவ்வாமை எண்கள் இருக்கும். 10 என்றால் பன்றி, 16 என்றால் மாடு. நான் இரண்டும் சாப்பிடுவதில்லை என்று முதல் வாரம் ஒரே ஒரு தடவைதான் சொன்னேன். அடுத்த நாள் என் மேசையில் பட்டியல் இருந்தது, அந்த இரண்டு எண்களும் வந்த இடமெல்லாம் சிவப்பு வட்டத்தோடு. கடற்பாசி சூப் என்று நம்பி எடுக்கப் போனதில் 16 இருந்தது! மாதாமாதம் இதைச் செய்தீர்கள். வட்டம் போட்ட நாட்களில் எனக்கென்று பொரித்த முட்டையோ டோஃபுவோ தட்டில் இருக்கும். அதற்காக என்னை யாரும் வித்தியாசமாகப் பார்த்ததில்லை.

அரசுப் பள்ளி ஆசிரியர்கள் சில வருடங்களுக்கு ஒருமுறை இடம் மாறுவது இங்கே வழக்கம். இந்த மார்ச்சில் உங்கள் முறை. நான் இன்னும் ஒரு வருடம் இருக்கிறேன். நீங்கள் போய்விடுவீர்கள் என்று கேட்டதும் மனம் கனத்துப்போனது.

நேற்று மார்ச் மாதப் பட்டியல் என் மேசைக்கு வந்தது. கொண்டுவந்தவர் புதிதாக வந்திருக்கும் ஆசிரியை. 10-க்கும் 16-க்கும் வட்டம் போட்டிருந்தது.